கேபிள் இல்லாமல் நான்கு ஆண்டு: கியர் தங்கியது, டிராப்பர் திரும்பியது

2021 கடைசியில் என் மலைச் சைக்கிளிலிருந்து இரண்டு கேபிள்களை உருவி எடுத்தேன். ஒன்று கியருக்குப் போவது, இன்னொன்று சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட்டுக்குப் போவது. இரண்டுக்கும் பதிலாகப் பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாப் பாகங்களைப் பொருத்தினேன். இன்று கியர் அப்படியே இருக்கிறது. டிராப்பர் மட்டும் மறுபடி கேபிளுக்கே போய்விட்டது. கூட ஓட்டுகிறவர்கள் இதைப் பார்க்கும்போதெல்லாம் காரணம் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் ஓட்டுவது சிங்கப்பூரில். இங்கே மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 160 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் புக்கிட் தீமா, செஸ்ட்நட், புலாவ் உபின் தீவின் கேத்தாம் ஆகிய தடங்களில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், உயரம் இல்லாததால் ஓய்வும் இல்லை. முப்பது மிதி மிதித்து ஏறினால் உடனே வேரும் கல்லுமாக ஒரு சரிவு. அது முடிவதற்குள் அடுத்த ஏற்றம். சீட்டை இறக்கு, ஏற்று, கியரைக் குறை, கூட்டு என்று இரண்டு கட்டைவிரலுக்கும் ஓயாத வேலை. ஒரு மணி நேரம் ஏறி, பிறகு ஒரே மூச்சாக இறங்கும் பெரிய மலைகளில் ஓட்டுகிறவர்கள் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

அதோடு ஈரம். மழை, செம்மண் சேறு, கையிலிருந்து வழியும் வியர்வை. பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும் 12 கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. செயினைத் தள்ளும் டீரெய்லர் அந்தச் சின்ன இடைவெளியைத் தவறாமல் தாண்டி நிற்க வேண்டும். கேபிள் உறைக்குள் கொஞ்சம் துருவோ மண்ணோ சேர்ந்தால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. செயின் கரகரக்கும். ஏற்றத்தின் நடுவில், முழு எடையும் மிதியில் இருக்கும்போது, தானாக ஒரு பல் தாவும். முழங்கால் ஹாண்டில்பாரில் மோதும் அந்த நொடி எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபிளையும் உறையையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மின் கியரில் இந்தத் தொல்லை வேரோடு போய்விட்டது. ஹாண்டில்பாரில் இருப்பது வெறும் பொத்தான். அதற்குள் ஒரு நாணய பேட்டரி. அழுத்தினால் சமிக்ஞை போகிறது, டீரெய்லருக்குள் இருக்கும் மோட்டார் நினைவில் வைத்திருக்கும் இடத்துக்கு நகர்ந்து நிற்கிறது. இடையில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகளில் நான் அதைத் திருத்தி அமைத்தது இரண்டே தடவை. ஒன்று கேசட் மாற்றியபோது. இன்னொன்று வண்டி இடது பக்கமாக விழுந்து சக்கரத்தை மறுபடி பொருத்தியபோது. அதையும் ஓட்டிக்கொண்டே பொத்தானிலேயே முடித்தேன்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எதிர்பாராத செங்குத்து ஏற்றம் வந்தால் பழைய கேபிள் லீவரின் ஒரே தள்ளில் மூன்று நான்கு கியர் இறக்கிவிடலாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கியர் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். வேகமாகத்தான் இறங்கும், இருந்தாலும் அந்த ஒரு வீச்சு இல்லை. இப்போது ஏற்றம் கண்ணில் படுவதற்குச் சற்று முன்பே அழுத்தப் பழகிவிட்டேன்.

கல்லில் அடிபட்டால் என்ன ஆகும் என்பதுதான் வாங்கும் முன் எனக்கிருந்த பெரிய பயம். ஸ்ராம் நிறுவனம் 2019 பிப்ரவரியில் ஈகிள் ஏஎக்ஸ்எஸ் என்ற பெயரில் கம்பியில்லா மலைச் சைக்கிள் கியரை வெளியிட்டபோதே, அடி விழுந்தால் மோட்டாரிலிருந்து டீரெய்லரின் கை தற்காலிகமாக விடுபட்டு உள்ளே மடங்கி, பிறகு பழைய இடத்துக்கே திரும்பும் ஏற்பாட்டைச் சேர்த்திருந்தது. என் டீரெய்லரும் அப்படிப்பட்டதுதான். செஸ்ட்நட்டில் பலமுறை கல்லில் உரசியிருக்கிறது. வெளியே ஆழமான கீறல்கள், உள்ளே ஒரு சேதமும் இல்லை. ஆனாலும் ஒரு மரக்குச்சி சக்கரத்துக்குள் செயினோடு சுருண்டால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. அப்போது வாங்க வேண்டிய பாகம் அதே தரத்துக் கேபிள் டீரெய்லரைப் போல மூன்று மடங்கு விலை. அதைத் தாங்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

பேட்டரி? கியருக்கு ஏறக்குறைய 20 மணி நேரம், டிராப்பருக்கு 40 மணி நேரம் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டும் எனக்கு அது சரியாகவே வருகிறது. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஆனால் ஒன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அசைவை உணர்ந்தால் டீரெய்லர் விழித்துக்கொள்ளும். வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனால், குலுங்கும் நேரமெல்லாம் அது விழித்தே இருக்கும்.

2023இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வேனில் சாங்கி வரை போய், அங்கிருந்து படகில் உபினுக்குக் கடந்தோம். கேத்தாமில் இரண்டாவது சரிவு முடிந்ததும் கியர் அசையவில்லை. செயின் சின்னப் பல்சக்கரத்தில் நின்றுவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்த ஏற்றமும் ஏற முடியாது. நல்லவேளை, இரண்டு பாகங்களுக்கும் ஒரே மாதிரிப் பேட்டரி. டிராப்பரிலிருந்து கழற்றிக் கியரில் மாட்டலாம். ஆனால் கழற்றியபின் சீட் விட்ட உயரத்திலேயே நிற்கும் என்பதால் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். நான் பாதி உயரத்தில் விட்டேன்.

அந்த இரண்டு மணி நேரம் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. ஏறும்போது முழங்கால் மடங்கியே இருந்தது, தொடை எரிந்தது. இறங்கும்போது சீட் வயிற்றில் இடித்தது, வண்டியை எனக்குக் கீழே சாய்க்க முடியவில்லை. கியர் வேலை செய்தும் நான் தடுமாறினேன். டிராப்பர்தான் எனக்கு அதிகம் வேண்டியது என்று அன்றுதான் தெரிந்தது. இந்தத் தேவை புதிதும் அல்ல. ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்க 1984இலேயே ஹைட் ரைட் என்றொரு ஸ்பிரிங் வந்துவிட்டது.

அப்படியானால் அதைத்தானே மின்சாரத்தில் வைத்திருக்க வேண்டும்? நானும் சில வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பணிமேசையில் ஒரு பழைய கேபிள் டிராப்பரைப் பிரித்துப் பார்த்தபோது மனம் மாறியது. கியர் கேபிள் மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இழுக்க வேண்டும். டிராப்பர் கேபிளுக்கோ சீட்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு வால்வைத் திறந்தால் போதும். உறைக்குள் கொஞ்சம் துரு இருந்தாலும் வால்வு திறந்துவிடும். ஈரம் கியரைக் கெடுப்பதுபோல் இதைக் கெடுப்பதில்லை. அதோடு லீவரை மெல்ல அழுத்தினால் சீட் மெல்ல எழும், முழுக்க அழுத்தினால் விருட்டென்று எழும். இந்த அளவு கட்டைவிரலுக்குத் தெரியும். பொத்தானில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

விலையும் இருக்கிறது. ஸ்ராமின் ரிவர்ப் ஏஎக்ஸ்எஸ் கம்பியில்லா டிராப்பர் 2019இல் வந்தபோது 800 அமெரிக்க டாலராக இருந்தது. அருமையான கேபிள் டிராப்பர் 200 டாலர் அளவில் கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் இரண்டு ஜோடியாவது வாங்கலாம். சேற்றில் அது கொடுக்கும் பிடிமானத்தை எந்தப் பொத்தானும் கொடுக்காது.

கேபிள் டிராப்பருக்குத் திரும்பி இரண்டு ஆண்டு ஆகப் போகிறது. உள்கம்பியை ஒரே ஒருமுறை மாற்றினேன். ஃபிரேமுக்குள் அதை நுழைக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது, அது மறுக்க முடியாத தொந்தரவு. கியருக்கு இப்போது கைமாற்றுப் பேட்டரி இல்லாததால் ஒன்று தனியாக வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். வேனில் ஏற்றும்போது கியர் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். ஊருக்கு விமானத்தில் போனால் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சைக்கிள் பெட்டிக்குள் அல்ல.

கழற்றிய கம்பியில்லா டிராப்பரை விற்கவில்லை. என் தம்பியிடம் பழைய அலுமினிய ஃபிரேம் ஒன்று இருக்கிறது. அதில் கேபிள் நுழையத் துளையே கிடையாது. இவ்வளவு நாளும் ஒவ்வொரு சரிவின் தலையிலும் நின்று, கையால் சீட்டை இறக்கிவிட்டுத்தான் புறப்படுவான். சீட் குழாயின் விட்டம் பொருந்தியது. பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தேன். போன வாரம் புக்கிட் தீமாவில் முதல் சரிவில் நிற்காமல் எனக்கு முன்னால் இறங்கிப் போனான்.