பாத்ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மேடவாக்கம் பக்கம் எங்கள் ஃபிளாட். பாத்ரூம் 8க்கு 5 அடி. குளித்து முடித்தால் கமோடு வரைக்கும் தரை சொதசொதவென்று கிடக்கும். அம்மாவுக்கு 71 வயது. வழுக்கிவிடப் போகிறாரே என்ற பயத்தில்தான் ஷவர் பக்கத்தைக் கண்ணாடி வைத்துத் தடுத்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வேலையைச் சொல்கிறேன், உங்களிடம் யாராவது அதையே செய்தால் உஷாராகிவிடுங்கள்.

அளவெடுக்க வந்த தம்பி ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தில் டேப்பைப் பிடித்தார், வாட்ஸாப்பில் அனுப்பினார், கிளம்பிவிட்டார். நம் வீட்டுச் சுவர்களில் எது தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறது? மேலே, நடுவில், கீழே என்று மூன்று அளவு எடுத்திருக்க வேண்டும். இதற்குப் போடும் டஃபன்டு (எளிதில் உடையாத) கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. அளவு தப்பினால் தப்பினதுதான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். "ஃபிட்டிங் அப்போ பாத்துக்கலாம் சார்" என்றார்.

கடையில் நடந்தது இன்னும் அருமை. கீல் எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று கேட்டதும் முதலாளி டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா சார், ஒரிஜினல் 304!" நானும் தலையை ஆட்டிவிட்டு, பேசிய 28,000 ரூபாயில் 22,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசிய மலிவுக் கீலிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கையில் தூக்கிப் பார்த்தாலும் கனமாகத்தான் இருக்கும்.

மாட்டுகிற அன்று 3 அடி நிலையான கண்ணாடி, 2 அடி கதவு. வெளியே தள்ளினால் பாதியிலேயே கமோடில் இடித்தது. "அப்போ உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டுடறேன் சார்." சரி என்றேன். இந்த இடத்தில் தப்பு என்னுடையதும்தான். சுவரோரம் மேலே இடைவெளி ஒன்றுமில்லை, கீழே விரல் நுழையும் சந்து. அதைச் சிலிகானால் அப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது கறுத்துப்போனது.

இரண்டாவது வாரம் அம்மாவுக்குக் குளிக்கும்போது தலைசுற்றல். கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியிலிருந்து தள்ளுகிறேன், கதவு நான்கு விரல் அளவுகூட நகரவில்லை. ஒரு பக்கம் அவர் முதுகு, இன்னொரு பக்கம் தண்ணீர் நிரம்பிய வாளி. "ஒன்னுமில்லடா, பதறாத, வாளிய நகத்துறேன்" என்று அவரே மெல்ல நகர்ந்து வழிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. குளிக்கும் இடத்துக் கதவு வெளியே திறக்க வேண்டும், அதற்கு இடமில்லையென்றால் ஸ்லைடிங். 5 அடி அகலம் அதற்குத் தாராளமாகப் போதும். இதை அளவெடுக்க வந்தவர் சொல்லியிருக்க வேண்டாமா?

நான்காவது மாதம் கீலில் வெள்ளைப் பொடி பூத்தது. போர் தண்ணீர் உப்பு என்று துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குரோம் தோலாக உரிந்து கையோடு வந்தது. 2 அடிக்கு ஆறரை அடி, 8 மி.மீ. கண்ணாடி சுமார் 24 கிலோ. அது அந்தக் கீலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர முத்திரை) இருக்கிறதா என்று அப்போதுதான் தேடினேன். எந்த மூலையிலும் இல்லை. சாதாரணக் கண்ணாடியாக இருந்து உடைந்தால் கத்தி கத்தியாக விழும். டஃபன்டு சிறு துண்டுகளாக உதிரும். என்னுடையது எந்த ரகம் என்று உடைத்துப் பார்த்தா தெரிந்துகொள்வது?

கடையில் கேட்டால், "உங்க தண்ணி சரியில்ல சார்." நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால், என் கையில் இருப்பது வெறும் எஸ்டிமேட் சீட்டு. 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் வேண்டாமென்று சொன்னவனே நான்தான். நீங்களாவது கண்ணாடியின் தடிமன், முத்திரை, கீல் என்ன உலோகம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கதவைக் கழற்றி மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். நிலையான கண்ணாடி மட்டும் இருக்கிறது, பாதித் தண்ணீரை அதுவே தடுக்கிறது. பாக்கி 6,000 கேட்டு நேற்றும் போன் வந்தது. எடுக்கவில்லை.