இலவச ஆப், தள்ளுபடி கேம்: எந்த வழியில் போனால் நிஜமாகவே லாபம்?

காசே இல்லாமலோ, கொஞ்சம் காசிலோ நல்ல ஆப்களையும் கேம்களையும் பிடிக்க இன்றைக்கு நான்கு வழிகள் உண்டு. விலை இறங்கும் நேரம் பார்த்து வாங்குவது, மாதச் சந்தா, ஓப்பன் சோர்ஸ் ஆப்கள், எபிக் மாதிரி மாற்றுக் கடைகள் கொடுக்கும் இலவச கேம்கள். நான்கையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: ஒரு வருடம் கழித்தும் அது உங்கள் கணக்கில் இருக்குமா, இருந்தால் அதற்காக என்ன கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்?

விலை இறங்கும்வரை காத்திருப்பது

இந்த வழியில் கிடைப்பது கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். வழக்கமாகக் காசு கேட்கும் ஆப் இரண்டு மூன்று நாளுக்கு இலவசமாக வரும்போது ஒருமுறை எடுத்துவிட்டால், விலை பழையபடி ஏறிய பிறகும் அது உங்களுடையதுதான். போனில் இடம் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். ஆண்ட்ராய்டில் ‘இன்ஸ்டால்’ அழுத்தி, டவுன்லோட் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். உரிமம் கூகுள் கணக்கில் பதிந்திருக்கும். ஐபோனில் ‘கெட்’ அழுத்தி, கடவுச்சொல்லோ முகமோ சரிபார்த்து முடிந்ததும் ரத்து செய்யுங்கள். பிறகு அதே பக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தால், ‘கெட்’ இருந்த இடத்தில் மேகமும் அதிலிருந்து கீழே இறங்கும் அம்பும் தெரியும். அந்தச் சின்னம் வந்திருந்தால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் ரத்து செய்தது சற்று முன்கூட்டியே நடந்துவிட்டது என்று பொருள், மறுபடி அழுத்துங்கள்.

விலை இறங்கியதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதில் இரண்டு போன்களும் ஒன்றல்ல. ப்ளே ஸ்டோரில் ஆப் பக்கத்தின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் விஷ்லிஸ்டில் சேர்க்கலாம். ஆப் ஸ்டோரிலும் முன்பு விஷ்லிஸ்ட் இருந்தது. 2017-இல் ஐஓஎஸ் 11-க்காகக் கடையைத் திருத்திக் கட்டியபோது ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. அதனால் ஐபோன்காரர்களுக்கு வெளியிலிருந்து ஒரு விலைக் கண்காணிப்பு ஆப் கட்டாயம் வேண்டும். அதற்கு ஆப்ரேவன் நல்ல தேர்வு: வேண்டியதைப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை மாறும்போது அறிவிப்பு வரும், பழைய விலைகளையும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் இதே வேலையை ஆப்சேல்ஸ் செய்கிறது. ரெடிட்டில் ஆண்ட்ராய்டுக்கு கூகுள்ப்ளேடீல்ஸ், ஐபோனுக்கு ஆப்ஹுக்கப் என்ற குழுக்களில் அன்றாடம் பட்டியல் வரும். வேகத்தில் இவைதான் முதலிடம், குப்பையிலும் இவைதான் முதலிடம். தினமும் ஐம்பது ஐகான் பேக் இலவசம் என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்? வேண்டியது பத்து ஆப் என்றால் அந்தப் பத்துக்கு மட்டும் அறிவிப்பு வைப்பதே மேல்.

கண்காணிப்பு ஆப்பை நிறுவியதும் முதலில் அமைப்புகளில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். பல கருவிகள் அமெரிக்கக் கடையின் விலையைத்தான் இயல்பாகக் காட்டும். தள்ளுபடியை நாடுவாரியாக வைக்க டெவலப்பருக்கு வழி இருப்பதால், அங்கே இலவசம் என்று மின்னுவது உங்கள் கடையில் முழு விலையில் நிற்கலாம்.

அடுத்து விலை வரலாறு. தள்ளுபடியின் சதவீதத்தைவிட இதுதான் முக்கியம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும், அதுவும் ஒரே அளவுக்கு இறங்கும் விலை என்றால் அது நேர்மையான தள்ளுபடி. அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்கலாம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பல கேம் நிறுவனங்கள் விலையைக் குறைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்தைத் தொடும் ஆப்பின் விலை வெறும் அலங்காரம். அந்த ‘நூறு சதவீதத் தள்ளுபடி’யைப் பார்த்து அவசரப்பட ஒன்றுமில்லை. தள்ளுபடிக்குச் சில நாள் முன்பு விலை ஏறியிருந்தால் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

‘விஐபி’ என்றோ ‘ப்ரீமியம்’ என்றோ பெயரில் ஒட்டிக்கொண்டு அடிக்கடி இலவசமாகும் கேம்களை எடுக்கும் முன் அதன் சாதாரணப் பதிப்பையும் பாருங்கள். பல நேரம் இரண்டும் ஒரே கேம். காசு கேட்கும் பதிப்பில் தொடக்கத்தில் கொஞ்சம் ரத்தினமும் நாணயமும் கூடுதலாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே கடை அப்படியே திறந்திருக்கும்.

கூகுளின் ஒரு விதியைத் தெரிந்து வைத்திருந்தால் இன்னொன்றும் புரியும். ப்ளே ஸ்டோரில் ஒரு ஆப்பை நிரந்தர இலவசமாக மாற்றிவிட்டால் அதே ஆப்பைத் திரும்பவும் காசுக்கு விற்க முடியாது; புதிய பெயரடையாளத்தோடு வேறு ஆப்பாகத்தான் போட வேண்டும். எனவே கடையில் பழைய விலைக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தால் அது தற்காலிகத் தள்ளுபடி, உடனே எடுக்கலாம். கோடே இல்லாமல் திடீரென்று இலவசமாகியிருந்தால், வருமானத்தை விளம்பரத்துக்கோ உள்விற்பனைக்கோ (ஆப்புக்குள்ளேயே காசுக்கு விற்பது) மாற்றப்போகிறார்கள் என்று எதிர்பார்க்கலாம். முன்பே காசு கொடுத்தவர்களுக்கு அந்த மாற்றம் எப்படி இறங்கியது என்பது அண்மைய விமர்சனங்களில் தெரியும். அதனால் விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி அடுக்கிப் படியுங்கள்.

கடைசியாகப் புதுப்பித்த தேதியும் பார்க்க வேண்டியது. கைவிடப்போகும் ஆப்பை இலவசமாக்கிவிட்டுப் போவது உண்டு. ஐஓஎஸ் 11 வந்தபோது 32-பிட் ஆப்கள் ஒட்டுமொத்தமாகத் திறக்காமல் போயின. ஆண்ட்ராய்டு 14-லிருந்து, ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதப்பட்ட ஆப்களை வழக்கமான முறையில் நிறுவவே முடியாது. கணக்கில் உரிமம் இருக்கும், போனில் ஓடாது. மூன்று வருடமாகக் கை வைக்காத ஆப் என்றால் இலவசமாக இருந்தாலும் அதில் உங்கள் குறிப்புகளையோ கணக்குவழக்கையோ ஏற்ற வேண்டாம். ஆஃப்லைன் கேம் என்றால் ஓடும்வரை ஓடட்டும்.

சந்தா: ஆர்கேட், ப்ளே பாஸ், நெட்ஃபிளிக்ஸ்

ஆப்பிள் ஆர்கேடும் கூகுள் ப்ளே பாஸும் 2019 செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் தொடங்கின; இரண்டின் கட்டமைப்பு வேறு. ஆர்கேடில் கேம்கள் மட்டும், விளம்பரமும் கிடையாது, உள்ளே வாங்கச் சொல்லும் தொல்லையும் கிடையாது. ப்ளே பாஸில் கேமோடு சாதாரண ஆப்களும் உண்டு. கடையில் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஆப்களைத்தான் விளம்பரம் நீக்கி, பூட்டுத் திறந்து கொடுக்கிறார்கள். டிக்கெட் வடிவச் சின்னம் இருந்தால் அந்த ஆப் பாஸில் அடக்கம்.

இந்த வேறுபாடு சந்தாவை நிறுத்தும் நாளில்தான் உறைக்கும். ப்ளே பாஸ் கேம் பொதுக் கடையிலும் இருப்பதால், பிடித்துப்போனால் அதைத் தனியாக வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆர்கேடில் பல கேம்கள் வெளியே விற்பனைக்கே இல்லை. சந்தா நின்றால் கதவு மூடிவிடும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி உள்ள கேம்கள் வேறு ரகம். ஸ்டார்டியூ வேலி, மினி மெட்ரோ போன்றவை முன்பே ஆப் ஸ்டோரில் காசுக்கு விற்றவை, ஆர்கேடுக்காகத் தனிப் பதிப்பாக வந்தவை. ஆர்கேடில் ஓரிரு கூட்டல்குறி கேம்களை மட்டுமே ஆடுகிறீர்கள் என்றால், அசலைத் தள்ளுபடியில் ஒருமுறை வாங்குவது மலிவு. சில மாதச் சந்தாவிலேயே அந்த விலை வந்துவிடும். சேமித்த ஆட்டம் ஒரு பதிப்பிலிருந்து மற்றதற்குத் தானாகப் போகும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

வீட்டில் ஆறு பேர் என்றால் கணக்கே வேறு. ஆர்கேட், ப்ளே பாஸ் இரண்டில் எதை ஒருவர் எடுத்தாலும் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் பகிரலாம். விளம்பரத்தைத் தொட்டுத் தொட்டு எங்கெங்கோ போய்விடும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, நான்கு வழிகளில் சந்தாதான் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. தனியாள், மாதம் ஒரு கேம்கூட முடிப்பதில்லை என்றால் சந்தா வீண்.

நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரிலிருந்து கேம் கொடுக்கிறது. படம் பார்க்கக் கட்டும் சந்தாவிலேயே அடக்கம் என்பதால் ஏற்கெனவே கட்டுபவருக்குத் தனிச் செலவில்லை, கேமுக்காக மட்டும் சேர வேண்டாம். வந்த கேம் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2025 ஜூலையில் ஹேடிஸும் மானுமென்ட் வேலி மூன்று பாகங்களும் ஒரே மாதத்தில் வெளியேறின. பாதி ஆடியவர்களுக்கு அது பெரிய எரிச்சல். ஆர்கேடிலும் கேம்கள் விலகுவதுண்டு, முன்கூட்டி அறிவிப்பார்கள். நீண்ட கதையுள்ள கேமை எந்தச் சந்தாவில் தொடங்கினாலும் அந்த ஆபத்து உண்டு. புதிர், பந்தயம் மாதிரி துண்டுதுண்டாக ஆடுவதற்கே சந்தா பொருத்தம்.

எஃப்-டிராய்டு

இது ஓப்பன் சோர்ஸ் ஆப்களின் கடை, ஆண்ட்ராய்டுக்கு மட்டும். 2010-லிருந்து இயங்குகிறது, கணக்கு தேவையில்லை, காசு இல்லை, மூல நிரல் திறந்திருக்கும் ஆப்கள் மட்டும். பயன்பாட்டு ஆப்கள் என்று வந்தால் மற்ற மூன்று வழிகளும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எளிய சான்று, ஒரே ஆப்புக்கு இரண்டு விலை. நாள்காட்டியையும் தொடர்புகளையும் சொந்த சர்வரோடு ஒத்திசைக்கும் டேவ்எக்ஸ்5, ப்ளே ஸ்டோரில் காசுக்கு; எஃப்-டிராய்டில் இலவசம். ஆஃப்லைன் வரைபட ஆப்பான ஓஎஸ்எம்அண்ட், ப்ளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் ஏழு வரைபட டவுன்லோடோடு நிறுத்திக்கொள்ளும். எஃப்-டிராய்டில் பெயருக்குப் பின்னால் அலைக்கோடு போட்ட பதிப்பில் அந்த வரம்பு இல்லை. இது திருட்டு வேலையல்ல, டெவலப்பரே சம்மதித்துக் கொடுப்பது. நன்கொடை கொடுக்க வழி இருக்கும், கொடுக்கலாம்.

தடுமாறுவது பெரும்பாலும் ஓரிடத்தில். ப்ளே ஸ்டோரில் நிறுவிய ஆப்பின் மேல் எஃப்-டிராய்டு பதிப்பைப் போட்டால் ‘ஆப் நிறுவப்படவில்லை’ என்று நின்றுவிடும். எஃப்-டிராய்டு பெரும்பாலான ஆப்களைத் தானே கட்டித் தன் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. கையொப்பம் பொருந்தாவிட்டால் ஆண்ட்ராய்டு அதைப் புதுப்பிப்பாக ஏற்காது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட முடியும், நீக்கினால் உள்ளே இருந்த தரவும் போய்விடும். எனவே முதலில் ஆப்பின் அமைப்புகளில் ஏற்றுமதியோ பேக்கப்போ எடுத்து, அந்தக் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்துவிட்டதா, அதன் அளவு பூஜ்ஜியமாக இல்லையா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். கடவுச்சொல் ஆப்பிலும் இரட்டைச் சரிபார்ப்பு ஆப்பிலும் இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் பிறகு கணக்குகளுக்குள் நுழையவே முடியாது.

குறைகளும் உண்டு. புதுப்பிப்புகள் சில நாள் தாமதமாக வரும். கேம்கள் குறைவு, அழகும் சுமார். ஆனால் ஷேட்டர்டு பிக்சல் டஞ்சனும் மிண்டஸ்ட்ரியும் காசுக்கு விற்கும் பல கேம்களைவிட ஆழமானவை. ஆப் பக்கத்தில் ‘விரும்பத்தகாத அம்சங்கள்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். விளம்பரம், கண்காணிப்பு, மூடிய சர்வரை நம்பி இயங்குவது எல்லாவற்றையும் எஃப்-டிராய்டே சொல்லிவிடும். வேறு எந்தக் கடையும் தன் சரக்கைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில்லை.

எபிக்கும் மற்ற கடைகளும்

எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2024 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டுக்கு உலகெங்கும், ஐபோனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து இலவச கேம் கொடுக்கத் தொடங்கியது. தரமான, முழு விலை கேம்கள். எடுத்துவிட்டால் எபிக் கணக்கில் தங்கும். நிறுவும்போது பிரவுசருக்கு ‘தெரியாத ஆப்களை நிறுவும்’ அனுமதி கொடுக்க வேண்டிவரும். எபிக் நிறுவி முடிந்ததும் பிரவுசரின் அனுமதியை அணைத்துவிடுங்கள். புதுப்பிப்பு எபிக் வழியாகத்தான் வரும் என்பதால் எபிக்குக்கான அனுமதி மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு நிறுவனத்தின் கடையில் வாங்குவது அந்தக் கடை இருக்கும்வரைதான். அமேசான் ஆப்ஸ்டோர் 2011-இல் காசு கேட்கும் ஆப் ஒன்றைத் தினமும் இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்கியது. 2025 ஆகஸ்ட் 20-இல் ஆண்ட்ராய்டு போன்களில் அதை மூடிவிட்டார்கள். வருடக்கணக்கில் சேர்த்தவர்களுக்கு அந்த ஆப்கள் இனி ஓடும் என்ற உறுதி கிடைக்கவில்லை. எபிக்கில் இலவசமாக எடுங்கள், காசு கொடுத்து வாங்கும் முன் யோசியுங்கள். ‘மாட்’ ஏபிகே தளங்கள் இந்த ஒப்பீட்டிலேயே இல்லை. யாரோ பிரித்து மாற்றிக் கட்டிய ஆப்பை, வங்கி ஆப் இருக்கும் போனில் போடுவதற்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

காசு கொடுக்கும் முன்னும் பின்னும்

எந்த வழியில் போனாலும் ‘உள்விற்பனை உண்டு’ என்ற வரியைப் பார்த்ததும் ஓடத் தேவையில்லை. ஆப் ஸ்டோரில் பக்கத்தின் அடியில் உள்விற்பனைப் பொருள்களின் பெயரும் விலையும் தனித்தனியாக இருக்கும். அங்கே ‘முழுப் பதிப்பு’, ‘விளம்பரம் நீக்கு’ என்று ஒன்றிரண்டு வரி மட்டும் இருந்தால் அது சோதித்துப் பார்த்து வாங்கும் நல்ல முறை. ‘ஒரு கைப்பிடி ரத்தினம்’, ‘ஒரு மூட்டை ரத்தினம்’, ‘ஒரு வண்டி ரத்தினம்’ என்று அடுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ப்ளே ஸ்டோர் பெயர்களைக் காட்டாது, குறைந்த விலை முதல் அதிக விலை வரை என்ற வீச்சை மட்டும் காட்டும். மேல் எண், முழு கேம் ஒன்றின் விலையைவிடப் பல மடங்கு என்றால் அதுவும் வண்டி ரத்தினக் கடைதான்.

ப்ளே ஸ்டோரில் வாங்கியது பிடிக்கவில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒரே ஆப்புக்கு ஒருமுறைதான். எனவே வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள், போன் சூடாகிறதா, சேமித்தது மறுபடி திறக்கிறதா என்று. ஆப்பிளில் ‘ரிப்போர்ட் எ ப்ராப்ளம்’ பக்கத்தில் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும், முடிவு அவர்கள் கையில். கூகுள் ஒபினியன் ரிவார்ட்ஸில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சேர்க்கும் தொகை ஒரு வருடத்தில் காலாவதியாகும் என்பதால், அதை விஷ்லிஸ்ட் தள்ளுபடிக்கு வைத்திருப்பவர்கள் தேதியைக் கவனியுங்கள்.

மூன்று நாள் சோதனை, பிறகு வாரச் சந்தா என்று கேட்கும் வால்பேப்பர், ஸ்கேனர், ஜோதிட ஆப்கள்தான் ‘இலவசம்’ பட்டியலில் மிகவும் விலை கூடியவை. ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டு ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியிலும், ஐபோனில் அமைப்புகளின் உச்சியில் உங்கள் பெயரைத் தொட்டு ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியிலும் போய் ரத்து செய்ய வேண்டும், அதுவும் சோதனைக் காலம் முடிவதற்கு ஒரு முழு நாள் முன்னதாக.