காலண்டரின் பின்பக்கத்திலிருந்து கீபாஸ்எக்ஸ்சிக்கு

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் வாங்கி அனுப்பும் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், நாலு பேர், ஒரு முதலாளி. போன வருஷம் வரை ஜிஎஸ்டி, ஈ-வே பில், பேங்க், மெயில், சிசிடிவி என்று எல்லாப் பாஸ்வேர்டும் சுவர்க் காலண்டரின் பின்பக்கம்தான் இருந்தது. பாதிக்கு மேல் ஒரே பாஸ்வேர்டு: கடைப் பெயர், கூடவே 123.

ஜனவரியில் யாரோ புதுக் காலண்டரை மாட்டிவிட்டு, பழையதை ஆக்கர்க்காரரிடம் எடை போட்டுவிட்டார்கள். ஈ-வே பில் போட முடியாமல் லோடு ஏற்றிய வண்டி மூன்று மணி நேரம் வாசலில் நின்றது. முதலாளி கேட்டது ஒன்றுதான்: "மக்களே, அந்தப் பேப்பர் இப்ப யாரு கையில இருக்கு?"

அப்புறம்தான் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி (KeePassXC) என்ற சாப்ட்வேரைப் போட்டோம். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பாஸ்வேர்டு எல்லாம் பூட்டிய ஒரே ஃபைலாக நம் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும், நெட் தேவையில்லை. இங்கே சித்திரையில் இடி முழங்கினால் முதலாளி முதலில் பிடுங்குவது மோடம் வயரைத்தான், அதனால் இது எங்களுக்குப் பெரிய வசதி. எல்லாவற்றையும் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. உள்ளேயே பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் வசதி உண்டு. ஓட்டிப் பார்த்தேன், எங்கள் பட்டியலைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நான் எதிர்பார்க்காத பலன் ஓணம் சமயத்தில் கிடைத்தது. மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, உடனே லாகின் செய்யுங்கள் என்று ஒரு மெயில். பில் போடும் பெண் கிளிக் செய்துவிட்டாள். வந்த பக்கம் அச்சு அசல் எங்கள் மெயிலின் லாகின் பக்கம் மாதிரியேதான். "அண்ணா, இதுல பாஸ்வேர்டு தானா வரல்ல, சாப்ட்வேர் கேடாச்சா?" என்றாள். போய்ப் பார்த்தால் முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தது. பாஸ்வேர்டைத் தானாக நிரப்ப பிரவுசரில் சேர்த்திருக்கும் இதன் துணை நிரல் (எக்ஸ்டென்ஷன்), பதிந்து வைத்த முகவரி வந்தால்தான் நிரப்பும். பக்கத்தின் அழகில் அது மயங்காது, நாம் மயங்குவோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இதற்கென்று மொபைல் ஆப் கிடையாது; ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற வேறொரு ஆப் அதே ஃபைலைத் திறக்கும். காப்பி எடுப்பது நம் பொறுப்பு: ஒரு பென் டிரைவ் கடை அலமாரியில், இன்னொன்று முதலாளி வீட்டில். ஃபைலைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை, ஆகவே அதை எழுதி ஒட்டிய கவர் நிலப் பத்திரங்களோடு இருக்கிறது. ஒரே ஃபைலுக்குள் இன்னாருக்கு இதுமட்டும் என்று பிரிக்கவும் வழியில்லை. ஃபைல் திறந்தால் எல்லாம் தெரியும். நான் இரண்டு ஃபைலாக்கிவிட்டேன், பேங்க் ஃபைல் முதலாளிக்கும் எனக்கும் மட்டும். ஒரு பையன் வேலையை விட்டுப் போனபோது பொது ஃபைலில் உள்ளதை எல்லாம் மாற்ற ஒரு மதியம் ஆனது. மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று கிளை வைத்து இருபது பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு இது சரிப்படாது. பிட்வார்டன் மாதிரி ஆளுக்கு ஆள் அனுமதி பிரிக்கிற ஒன்றைப் பாருங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டு சம்பந்தமே இல்லாத ஆறு சொற்கள். அயனிச்சக்கை, ஸ்பானர் என்கிற தினுசில். முதலாளி ஒரே விரலால் தேடித் தேடி அடிக்க ஒரு நிமிஷம் ஆகிறது. மூன்றாகக் குறைக்கலாமா என்று வாரம் ஒரு தடவை கேட்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.