சீக்கெம் பிரைம்: நோயுற்ற தவளையின் தண்ணீருக்கு எப்படி?

சீக்கெம் பிரைம், மீன் தொட்டிக்கென்று விற்கும் வாட்டர் கண்டிஷனர்தான், அதாவது குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் திரவம். ஆனாலும் பேக்மேன் தவளையோ வைட்ஸ் மரத்தவளையோ வளர்க்கும் வீட்டில் இது இருந்தே ஆக வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல்தான் உறிஞ்சுகிறது. குழாய்த் தண்ணீரின் குளோரினும் அதே தோலைத்தான் தாக்கும். தோலில் புண்ணோ தொடையில் சிவப்போ இருந்தால் பாதிப்பு இன்னும் கடுமை.

வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. பிரைம் இரண்டையும் உடனே முறிக்கிறது. வேறு சில கண்டிஷனர்களில் மீனின் வழவழப்புக்காகச் சேர்க்கும் கற்றாழை இதில் கிடையாது. தவளைக்கு இதைத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான காரணம்.

சிக்கல் அளப்பதில் வருகிறது. லேபிள்படி 200 லிட்டருக்கு 5 மி.லி. நோயுற்ற தவளையை வைக்கும் டப்பாவில் அரை லிட்டர் தண்ணீர் இருந்தாலே அதிகம். அதற்கு ஒரு சொட்டுகூடக் கூடுதல்தான். மூடியின் ஒரு மரை சுமார் 1 மி.லி. என்ற கணக்கும் இங்கே உதவாது. 10 லிட்டர் வாளிக்கு 0.25 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் 1 மி.லி. சிரிஞ்ச் கிடைக்கும், 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சானால் 10 யூனிட். வாளியில் கலக்கிவிட்டு வேண்டியதை மொண்டுகொள்ளுங்கள், டப்பாவில் நேராகச் சொட்டு விட வேண்டாம். மூக்கில் ஏறும் கந்தக வாடை இதற்கு இயல்பு, திரவம் கெட்டுவிடவில்லை.

தவளையின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் 24 முதல் 48 மணி நேரம் கட்டிவைக்கும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். அதை நம்பித் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அழுக்குத் தண்ணீரில் கிடக்கும் பேக்மேன் தன் கழிவையே தோலால் திரும்ப உறிஞ்சி, பின்னங்கால்களை விறைத்து நீட்டி உதறும். வளர்ப்பவர்கள் ‘டாக்ஸ் அவுட்’ என்பது இதைத்தான். அந்த நேரத்தில் தொட்டியில் இன்னும் கொஞ்சம் பிரைம் ஊற்றுவது வீண். தவளையை வெளியே எடுத்து, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரில், மூக்குத் துளை மேலே நிற்கும் ஆழத்தில் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் கூடாது, அறை வெப்பம் போதும். அதன்பின் அச்சும் வாசனையும் இல்லாத பேப்பர் டவலை இதே தண்ணீரில் நனைத்து விரித்து, தினமும் மாற்ற வேண்டும்; கழிவு கண்டால் உடனே. கையுறை பவுடர் இல்லாததாக இருக்கட்டும், அதையும் இதே தண்ணீரில் அலசிவிட்டுத் தொடுங்கள்.

இது மருந்தல்ல. தொடைச் சிவப்புக்கும் கைட்ரிட் பூஞ்சைக்கும் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். வீட்டிலிருக்கும் களிம்பைத் தடவிப் பார்க்காதீர்கள். பென்சோகெயின் போன்ற வலி மரப்பு மருந்து கலந்திருந்தால் தவளை செத்தே போகலாம். பிரைம் உப்புச் சத்து எதையும் தருவதில்லை என்பதால், உப்பு நீங்கிய ஆர்.ஓ. தண்ணீரில் இதைக் கலந்தும் பயனில்லை.

100 மி.லி. பாட்டில் 4,000 லிட்டருக்கு வரும். ஒன்றிரண்டு தவளைக்கு 50 மி.லி. பாட்டிலே தாராளம்.