வைரல் வகுப்பு: 380 வெள்ளிக்குத் தகுமா?

செந்தூலில் கிரைண்டர், மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை வேலையைக் காணொளியாக எடுத்துப் போடும் பழக்கமும் உண்டு. காணொளி எடுத்து வைரலாக்கச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் நடக்கும் ‘ஒரே நாளில் வைரல்’ வகுப்புக்கு நான் போய்வந்தது தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு போன் போட்டு, “அண்ணே, போகலாமா, காசு வீணாகுமா?” என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன். நடத்துபவர்கள் பெயர் வேண்டாம். இதே மாதிரி வகுப்புகள் கோலாலம்பூரில் இப்போது நிறைய வந்துவிட்டன.

கட்டணம் 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. மதியம் வாழையிலைச் சாப்பாடு அதிலேயே சேர்த்தி, ரசம் நன்றாக இருந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புடவை விற்கும் அக்கா, வீட்டில் நாசி லெமாக் கட்டி விற்பவர், டியூஷன் வாத்தியார், மணப்பெண் அலங்காரம் செய்யும் இரண்டு பெண்கள் என்று எல்லாரும் சிறு தொழில்காரர்கள்தான். பாடம் எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்களை எல்லாம் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் தொழில் தெரிந்த பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் பழைய காணொளி ஒன்றைத் திரையில் போட்டார். “வணக்கம், நம்ம கடை செந்தூல்ல...” என்று நான் ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டு, “அங்கிள், கிரைண்டர் எங்கே?” என்றார். அது பன்னிரண்டாவது வினாடியில்தான் வருகிறது. அதற்குள் பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். நம் காணொளிக் கணக்கெல்லாம் காட்டும் யூடியூப் ஸ்டூடியோ செயலியைத் திறந்து, ஷார்ட்ஸ் என்கிற குட்டிக் காணொளியைப் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம், தள்ளிவிட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் இடத்தை எனக்குக் காட்டியதும் அவர்தான். அது பல மாதமாக என் போனிலேயே இருந்திருக்கிறது.

இன்னொன்று, இதற்கு மட்டுமே நூறு வெள்ளி கொடுக்கலாம். என் கடையில் பழைய ட்யூப்லைட். எப்போது எடுத்தாலும் படத்தில் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். போன் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 துடிப்பு, போன் வினாடிக்கு 30 அல்லது 60 பிரேம், அதாவது படம், எடுக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தப் பட்டை என்றார். அமைப்புக்குள் போய் 25 பிரேமுக்கு மாற்றிக் கொடுத்தார், பட்டை போய்விட்டது. மின்சாமான் வேலை செய்கிறவன் எனக்கு ஒரு சின்னப் பெண் ஹெர்ட்ஸ் பாடம் எடுத்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆக, எடுப்பது, வெட்டுவது, ஒலி, வெளிச்சம் இவை நான்குக்கும் முழு மதிப்பெண். குறை எல்லாம் வைரல் ஆனதற்கு அப்புறம் வருகிற விஷயத்தில்தான். வகுப்பு அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே வைரல் ஆகிவிட்டது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று, மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை என்று வந்தது. கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால் காய்ந்து கருத்த மாவு கட்டி கட்டியாக விழுகிறது, அதன் பின்னால் ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பமே ஓடுகிறது. அந்தப் பிள்ளை சொன்னபடி போனைக் கிரைண்டர் மட்டத்துக்கு இறக்கி வைத்து, வணக்கம் எல்லாம் சொல்லாமல் நேராக அதிலேயே ஆரம்பித்தேன். 7 லட்சம் பேர் பார்த்தார்கள். பெல்ட் எப்படி நைந்திருந்தது, டிரம்முக்கு அடியில் கசியும் தண்ணீர் எப்படி பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது என்பதெல்லாம் அதே காணொளியில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. கரப்பான்பூச்சிக்குத்தான் கூட்டம்.

கிரைண்டருக்குச் சொந்தக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். முகம், பெயர் எதுவும் இல்லை. ஆனால் டிரம்மில் ஒட்டியிருந்த பச்சை டேப்பைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். “தம்பி, தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கை யாரு சாப்பிடுவா?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமில்லை, கவலைதான். அன்றைக்கே டேப் தெரியும் பகுதியை வெட்டினேன். வாடிக்கையாளர் பொருளைப் படம் எடுக்கும்போது எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதற்கு வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்தது காசு. வகுப்பில் இதற்கு ஒரே ஒரு படம், கத்தை கத்தையாக நோட்டு. உண்மைக் கணக்கு இது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு ஒன்று 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, இல்லை 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. என் 7 லட்சம் அந்த 1 கோடிக்குப் பக்கத்திலேயே போகாது. விரலால் தள்ளத் தள்ள வரிசையாக வரும் ஷார்ட்ஸ் ஓடையில் கிடைக்கும் பார்வை அந்த 4,000 மணி நேரத்திலும் சேராது. தகுதி கிடைத்தாலும் ஷார்ட்ஸில் படைப்பாளருக்கு ஒதுக்கும் பங்கில் 45 சதவீதம், நீளக் காணொளியில் 55. மொத்தம் 100 அமெரிக்க டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். அதற்கு முன்னால் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் வரும், வீடு மாறியிருந்தால் அதற்கு ஒரு அலைச்சல். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வருகிற பங்கில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். மிச்சத்துக்கு இங்கே நம் வருமான வரி வாரியத்திடமும் கணக்குக் காட்ட வேண்டும். டிக்டாக்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் காணொளிக்குப் பணம் தரும் திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் என்று சில நாடுகளுக்குத்தான். இதை எழுதும்போது நம் நாடு அதில் இல்லை. இங்கே இருப்பவருக்கு நேரலையில் பார்ப்பவர்கள் அனுப்பும் பரிசும் டிக்டாக் ஷாப்பில் பொருள் விற்றுக் கமிஷன் எடுப்பதும்தான் வழி. இத்தனையும் ஒரு பக்கத் தாளில் அடங்கும் விஷயம், அதைக்கூடக் கொடுக்கவில்லை.

காசை விடுங்கள், வியாபாரமாவது வந்ததா? மதுரை, யாழ்ப்பாணம், துபாய் என்று எங்கிருந்தோ எல்லாம் கருத்து. “அண்ணா விலை என்ன?” “கூரியர் உண்டா?” பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் கல் இயந்திரத்தைத் துபாயிலிருந்து கூரியரில் வாங்கி, 80 வெள்ளிக்குப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புவதா? ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வரச் சொன்னார், பெட்ரோல் காசு கேட்டதும் காணாமல் போனார். நம்மைப் போன்ற கடைக்குச் செந்தூல், ஜாலான் ஈப்போ, பத்துமலை வட்டாரத்தில் 700 பேர் பார்த்தால் போதும். அந்த வட்டாரத்து ஆட்களை எப்படிப் பிடிப்பது என்று வகுப்பன்றைக்கே மதியச் சாப்பாட்டின்போது பாடம் எடுத்த பெண்ணிடம் கேட்டிருந்தேன். “முதல்ல பெருசா வளருங்க அங்கிள்” என்றார்.

பத்துமலையைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 2018-இல் அந்த 272 படிகளுக்கு வண்ணம் அடித்ததும் உலகமே வந்து படம் எடுத்ததை நல்ல வைரலுக்கு உதாரணமாக வகுப்பில் அவர் காட்டினார். அனுமதி வாங்காமல் அடித்துவிட்டதாகத் தேசிய மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியதும் அதே 2018-இல்தான். அந்தப் பாதி பாடத்தில் இல்லை.

வசவும் வரும். தகாத கருத்துகளை நிறுத்திவைக்கும் வசதி யூடியூபில் உண்டு, ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் கெட்ட வார்த்தை அதில் சுலபமாக நழுவி வந்துவிடும். தடை செய்யும் சொற்களின் பட்டியலில் நாமே ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டிப் போட்டேன். உதவிக்கு வந்த மச்சானுக்கு என்னைவிட நிறையத் தெரிந்திருந்தது.

ரொம்ப ஆபத்தானது ‘ஸ்பான்சர்’ மின்னஞ்சல், அதாவது எங்கள் பொருளைக் காட்டினால் காசு தருகிறோம் என்று வருவது. வைரல் ஆனவுடன் வந்துவிடும். பெரிய கம்பெனி பெயர், நல்ல தொகை, கூடவே ஒப்பந்தம் என்று கடவுச்சொல் போட்ட ஒரு சுருக்கக் கோப்பு (zip). அதைக் கணினியில் திறந்தால் உலாவியில் திறந்திருக்கும் உங்கள் கணக்கையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் தப்பாது. இதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை இல்லாததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் 1,800 வெள்ளிக்கு ஒரு ‘பேக்கேஜ்’ நீட்டுவார்கள். ஒரு லட்சம் பார்வைக்கு உத்தரவாதமாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். எண்ணிக்கையை முன்கூட்டியே உறுதி சொல்ல ஒரே வழி அதை விலைக்கு வாங்குவது. போலிப் பார்வை பிடிபட்டால் தளம் தண்டிப்பது நம் கணக்கைத்தான், விற்றவரை இல்லை. ‘முப்பது நாள் ஆலோசனை’ என்று சேர்த்துவிட்ட புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேள்வி கேட்டால் கட்டைவிரலும் இதயமும் வரும், பதில் வராது.

இப்போது என் கடைக்கு ஆள் கொண்டுவருவது கரப்பான்பூச்சி இல்லை. ‘கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி’ என்று பதினான்கு நிமிடத்துக்கு ஒரு காணொளி போட்டேன், பார்த்தவர்கள் சில ஆயிரம்தான். தேடுகிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும், தேடுகிறவர் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை என்று அர்த்தம். பாதி பார்த்துவிட்டு, “அண்ணே, நம்மால ஆகாது, நீங்களே பாருங்க” என்று காரில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்தவர்கள் நம் ஊர் மூன்று முனை பிளக் மாட்டித்தரச் சொல்லி வருவதும் இன்னொரு பழைய நீளக் காணொளியைப் பார்த்துத்தான்.

காணொளி எடுத்தே பழக்கமில்லாதவர் தாராளமாகப் போகலாம், காலை வகுப்பு மட்டுமே 250 வெள்ளிக்குத் தகும். ஏற்கெனவே நன்றாக எடுப்பவருக்கு அந்தக் காசில் நல்ல காலர் மைக் ஒன்று வாங்கிக்கொள்வது மேல். ஐந்துக்கு நான் கொடுப்பது மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று அந்த ட்யூப்லைட்டுக்கு. மேற்கொண்டு கேட்க வேண்டியிருந்தால் கடைக்கு வாருங்கள், ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம். முறுக்கு மாவு சீசன், பேச நேரமிருக்காது.