ராமநாதபுரத்தில் நல்ல பெரட் தொப்பி கிடைக்கும் கடை

பேத்தி கல்லூரியில் என்.சி.சி. ராணுவப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். சீருடைக்குக் கரும்பச்சை பெரட் (விளிம்பில்லாத வட்டத் தொப்பி), அதில் சிவப்பு ஹேக்கிள் (இறகுக் குஞ்சம்). முதலில் இணையத்தில் ஒன்று வரவழைத்தோம். அக்ரிலிக் நூல். எவ்வளவு நனைத்து இழுத்தாலும் இட்லிச் சட்டி மூடி மாதிரியே நின்றது. பிள்ளைக்கு முகம் வாடிப்போனது.

அப்புறம் அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் யூனிஃபார்ம் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் எடுத்தவுடனே "எந்த விங் பாப்பா?" என்றார். நாடா வைத்துத் தலையை அளந்து 55 எடுத்துக் கொடுத்தார். முழுக் கம்பளி, உள்ளே தோல் பட்டை, பின்னால் இழுத்துக் கட்ட நாடா. 380 ரூபாய். கொடுக்கலாம்.

நான் டாங்கிப் படையில் 17 வருடம் கறுப்பு பெரட் போட்டவன். டாங்கிக்குள் எண்ணெயும் கிரீஸும் ஒட்டாத இடம் கிடையாது. கறுப்பில் கறை தெரியாது, விளிம்பு இல்லாததால் உள்ளே தலையை நுழைத்து வேலை பார்க்க இடைஞ்சலும் இல்லை. 1924இல் பிரிட்டிஷ் டாங்கிப் படைக்கு அது வந்ததே இதற்காகத்தான். வேலையிலிருந்து பிறந்த நிறம் அது. மெரூன் பாராசூட் படையுடையது. 1942இல் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியது. நம் பாரா வீரர்களுக்கும் அதே நிறம்தான். தானாக முன்வந்து, தகுதிகாண் காலத்தில் உடம்பை முறித்துத் தேறினால்தான் அது தலையில் ஏறும். எத்தனையோ பேர் பாதியில் திரும்பியிருக்கிறார்கள்.

நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு தம்பி வந்து போட்டோ எடுக்க மெரூன் பெரட் கேட்டான். "ஐடி கார்டு காட்டுனா தர்றேன் தம்பி, இல்லேன்னா அது விக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். வந்த வியாபாரத்தை இதற்காக விட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோனது.

குறையும் உண்டு. அங்கே தரும் பேட்ஜ் வெறும் முலாம். எங்கள் வீடு மண்டபத்தில், கடலை ஒட்டி. உப்புக்காற்றுக்குப் பத்தே நாளில் அதன் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை ஏறியது. பித்தளை பேட்ஜாகக் கேட்டு வாங்குங்கள். பிராஸோ பாலிஷ் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும்.

வாங்கியதை அப்படியே மாட்டக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, தலையில் வையுங்கள். பட்டை புருவத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் நேராக நிற்க வேண்டும். பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே. மிச்சத் துணியை வலது காதுப் பக்கம் இழுத்துத் தடவித் தடவிப் படியவைத்து, காயும்வரை கழற்றாதீர்கள். பேத்தி இரண்டு மணி நேரம் அதோடுதான் திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். இப்போது அவள் தலைக்கென்றே வார்த்தது மாதிரி இருக்கிறது.

சுதந்திர தின அணிவகுப்புக்கு வேண்டுமென்றால் ஜூலையிலேயே போய்விடுங்கள். 54, 55 அளவுகள்தான் முதலில் தீர்கின்றன.