ஏகே400 கூலர் வாங்கினேன், கம்ப்யூட்டர் கேபினெட்டை மாற்றவில்லை

எங்கள் கடலோர ஊரான மண்டபம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சித்திரை பிறந்துவிட்டால் சிபியு ஃபேன் இரைகிற இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கும். என்னுடையது ரைசன் 5 3600 சிப், அதைக் குளிர்விக்க அதோடு பெட்டியிலேயே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு மலிவு கேபினெட். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுக்க விட்டால், சிப்பின் சூடு 90 டிகிரியை ஒட்டிப் போய் நிற்கும். இந்தச் சிப்புக்கு வரம்பு 95. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்தெல்லாம் போகாது. ஆனால் அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு நாதஸ்வரச் சத்தத்தை எப்படிச் சரிபார்ப்பது?

கடையில் விசாரித்தால் வாட்டர் கூலிங், புது கேபினெட், நாலு கலர் ஃபேன் என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னார்கள். அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சைடு பேனலைக் கழற்றி வைத்துவிட்டு அதே ரெண்டரை ஓட்டுங்கள். வெப்பம் மளமளவென்று இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். பேருக்குக் கொஞ்சம் இறங்கினால் கூலர்தான் போதவில்லை. எனக்குப் பேருக்குத்தான் இறங்கியது.

சரி என்று டீப்கூல் ஏகே400 வரவழைத்தேன், மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நாலு செம்புக் குழாய், ஒரு 120 மிமீ ஃபேன், உயரம் 155 மிமீ. இந்த உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும், சிப்பின் மேல்தட்டிலிருந்து சைடு பேனல் வரை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள், ஒடுக்கமான கேபினெட்டாக இருந்தால் மூடி மூடாது. மாட்டுவது சிரமமில்லை, மதர்போர்டுக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கும் தகட்டிலேயே இதுவும் உட்காரும். பழைய கூலரைக் கழற்றுவதுதான் நெஞ்சு படபடக்கிற வேலை. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு சேர்ந்து சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் இருக்கிற ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் தலைவலி. அதனால் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாலு ஸ்க்ரூவையும் எடுத்தபின் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள், தானாக விட்டுக்கொடுக்கும். அதன்பிறகு தூக்கினால் போதும்.

இப்போது அதே ரெண்டருக்கு 75 பக்கம் நிற்கிறது. சத்தம்? மேலே ஓடுகிற சீலிங் ஃபேன்தான் கேட்கிறது.

கடையில் சொன்ன வாட்டர் கூலிங்கை ஏன் வாங்கவில்லை என்றால், தண்ணீர் ஓடினாலும் காற்று ஓடினாலும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது, நம் அறையோ மத்தியானத்தில் 35-ஐத் தொடுகிறது. 65 வாட் சிப்புக்கு அது வீண் செலவு. பம்ப் நின்றுபோனால் மொத்தத்தையும் கழற்றி அனுப்பிவிட்டு மெஷின் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், முகூர்த்த மாதத்தில் அது நடக்கிற காரியமா? ஏகே400-இல் கெட்டுப்போக இருப்பது ஒரு ஃபேன், அந்த 120 மிமீ ஃபேன் எங்கேயும் கிடைக்கும்.

கேபினெட் விஷயத்தில் நமக்குச் சூட்டைவிட உப்புதான் பிரச்சினை. பின்பக்க ஸ்க்ரூக்களையும் கிராபிக்ஸ் கார்டு மாட்டுகிற பட்டியையும் பாருங்கள், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துக் கசியும், கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் அதற்கு முன்பே இழுக்க ஆரம்பித்துவிடும். ஓடுகிற மெஷின் சூட்டில் காய்ந்து கிடக்கும், மாதக்கணக்கில் அணைத்துப் போட்டு வைத்ததுதான் சீக்கிரம் கெடும். ஆகவே காற்று நிறைய வர வேண்டும் என்று எல்லாப் பக்கமும் ஓட்டை உள்ள கேபினெட் வாங்கினால், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்தே உள்ளே வரும்.

நான் செய்தது இவ்வளவுதான்: முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், அந்த இடத்தில் நைலான் கொசுவலையை இறுக்கமாக ஒட்டினேன், முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது, வலை வழியாகத்தான் வர வேண்டும். வலையை அடிக்கடி கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே காற்றை அடைத்துவிடும். மேஜையையும் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டாயிற்று. பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மைதான்.

பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குகிற நாள் வந்தால் கேபினெட்டும் மாற்றத்தான் வேண்டும், இதில் நீளம் போதாது. அப்போதும் முன்பக்கம் மெஷ், கையால் கழற்றிக் கழுவுகிற ஃபில்டர், இந்த இரண்டும் இல்லாத கேபினெட்டை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கப்போவதில்லை.